இணையக் கலந்துரையாடல் குழுக்களின் உறவு வரைபடம்

இணையக் கலந்துரையாடல் குழுக்களின் உறவு வரைபடம் என்பது, ஒரு குழுவில் யார் யாருக்கு மறுமொழி எழுதுகிறார்கள், யாரைச் சுற்றி உரையாடல் திரள்கிறது, எவர் விலகி நிற்கிறார் என்பவற்றை அங்குப் பதிவான மடல்களைக் கொண்டே கண்டறிந்து, புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து அளவிடும் ஆய்வுமுறை. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பங்கேற்பாளரைக் குறிக்கும். இருவருக்கிடையே உரையாடல் நிகழ்ந்திருந்தால் அவ்விரு புள்ளிகளையும் ஒரு கோடு இணைக்கும். சமூகவியலில் 1930களிலிருந்து வளர்ந்துவந்த சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வின் இணையக் கிளை இது. கணிதத்தின் கோட்டுருவியல், கணினியியல், மொழியியல் ஆகிய துறைகளும் இதில் பங்கு கொள்கின்றன.

நேர்முக ஆய்வில் உறவுகளைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இணையக் குழுவிலோ ஒவ்வொரு மடலும் எழுதியவர், நேரம், எந்த மடலுக்கான மறுமொழி என்ற குறிப்புகளோடு தானாகவே பதிவாகிவிடுகிறது. இதனால் பல்லாயிரம் பேர் கொண்ட குழுவையும் முழுமையாக வரைய முடிகிறது. ஆனால் மறுமொழி எழுதுவது நட்பின் அடையாளமாகவும் இருக்கலாம், சண்டையின் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே எதைக் கோடாக வரைவது என்ற முடிவே இத்துறையின் மையச் சிக்கலாக இருந்துவருகிறது.

## முன்னோடிகள்

மனித உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரையும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஜேக்கப் மொரினோ (1889–1974). புக்கரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் பயின்று, 1925இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மனநல மருத்துவர் அவர். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியில் 1932இல் குறுகிய காலத்தில் 14 சிறுமிகள் அடுத்தடுத்துத் தப்பியோடினர். மொரினோவும் அவருடன் பணியாற்றிய ஹெலன் ஹால் ஜென்னிங்ஸும் அங்கு மாணவியர் யார் யாரை விரும்புகிறார்கள், யாரை ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு வரைந்தனர். ஓடிப்போனவர்களுக்கு இடையே இருந்த தொடர்பு அந்த வரைபடத்தில் தெரிந்தது. ஒவ்வொருவரின் குணத்தைக் காட்டிலும், விருப்பும் வெறுப்பும் பயணப்பட்ட அந்தப் பாதைகளே நிகழ்வைப் புரியவைத்தன என்பது மொரினோவின் வாதம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1933 ஏப்ரலில் இந்த வரைபடங்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அடுத்த ஆண்டு மொரினோவின் முதன்மை நூல் வெளிவந்தது.

பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஜே. ஏ. பார்ன்ஸ் நார்வேயின் பிரெம்னெஸ் என்ற மீனவ ஊரைப் பற்றி 1954இல் எழுதிய கட்டுரையில் சமூக வலைப்பின்னல் என்ற கருத்தை ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தினார். மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை, நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகப் பழகியவர்கள் வழியாகவே புதிய செய்திகள் அதிகம் வந்துசேர்கின்றன என்று வாதிட்டது. நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் புழங்குவதால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்திருக்கும். மெலிந்த உறவுகளே வட்டங்களுக்கிடையே பாலமாகின்றன.

வெய்ன் ஸக்கரி 1977இல் வெளியிட்ட கராத்தே மன்ற ஆய்வு, இத்துறைக்கு வரும் மாணவர்கள் முதலில் சந்திக்கும் தரவுகளுள் ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே மன்றத்தில் பயிற்சியாளருக்கும் தலைவருக்கும் கட்டணம் குறித்து மூண்ட சச்சரவில் மன்றம் இரண்டாகப் பிளந்தது. மன்றத்துக்கு வெளியேயும் பழகிய 34 பேரையும் அவர்களுக்கிடையிலான 78 உறவுகளையும் கொண்டு, யார் எந்தப் பக்கம் போவார் என்று ஸக்கரி கணக்கிட்டார். ஒருவரைத் தவிர மற்ற அனைவர் விஷயத்திலும் கணக்கு சரியாக இருந்தது. தவறிய அந்த ஒருவருக்குக் கருப்புப் பட்டைத் தேர்வு மூன்று வாரத்தில் வரவிருந்தது. பயிற்சியாளரை விட்டுப் போனால் பல ஆண்டு உழைப்பு வீணாகும் என்பதால் அவர் நண்பர்களின் பக்கம் போகவில்லை. உறவுக் கோடுகளில் பதிவாகாத காரணம் அது.

## முதல் மின்னணுக் குழு ஆய்வு

கணினி வழி உரையாடலையும் உறவையும் ஒருசேர அளந்த தொடக்ககால ஆய்வு 1978இல் நடந்தது. நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தில் மரே டூரோஃப் உருவாக்கியிருந்த மின்னணுக் கலந்துரையாடல் அமைப்பில், வெவ்வேறு ஊர்களில் இருந்த சுமார் 50 ஆய்வாளர்கள் இணைக்கப்பட்டனர். அவர்களும் சமூக வலைப்பின்னல்களை ஆராய்பவர்களே. சமூகவியல், மானிடவியல், கணிதம், புள்ளியியல் எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்கள். ஆய்வை நடத்திய லின்டன் ஃப்ரீமனும் சூ ஃப்ரீமனும் இரண்டு விதமான தரவுகளைத் திரட்டினர். ஒன்று, யார் யாருக்கு எத்தனை செய்தி அனுப்பினார் என்ற கணினிப் பதிவு. மற்றொன்று, தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொருவரும் நிரப்பிய வினாத்தாள். அதில் மற்றவர்களை அறியாதவர், கேள்விப்பட்டவர், சந்தித்தவர், நண்பர், நெருங்கிய நண்பர் என வகைப்படுத்தினர். இறுதிவரை பங்கேற்ற 32 பேரின் தரவு இன்றும் பாடங்களில் பயன்படுகிறது.

செய்திப் போக்குவரத்தும் உறவும் தனித்தனியே அளக்கப்பட்டதுதான் இந்த ஆய்வின் சிறப்பு. கணினி வழி உரையாடல் புதிய அறிமுகங்களையும் நட்புகளையும் உண்டாக்கியதா என்ற கேள்வியை அதனால் நேரடியாகச் சோதிக்க முடிந்தது. அறிமுகங்கள் பெருகியதை ஃப்ரீமன் 1984இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. பின்னாளில் வந்த பெரும்பாலான ஆய்வுகளில் வினாத்தாள் கைவிடப்பட்டுச் செய்திப் பதிவு மட்டுமே எஞ்சியது.

## யூஸ்நெட்

இத்துறைக்கு மிகப் பெரிய தரவுக் களமாக அமைந்தது யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் குழுக்களின் அமைப்பு. டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்கட்டும் ஜிம் எல்லிஸும் 1979இல் இதைத் திட்டமிட்டனர். அருகிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் தொடக்க நிரலை எழுதினார். 1980 முதல் பிற நிறுவனங்களும் இணைந்தன. நடுவண் கணினி ஏதுமின்றி, ஒரு யூனிக்ஸ் கணினி அடுத்ததற்குத் தொலைபேசித் தடம் வழியாக மடல்களைக் கடத்தியது. 1987இல் குழுக்களின் பெயர்கள் ஒழுங்குபடுத்தப்பட்டு, கணினி, அறிவியல், பொழுதுபோக்கு, சமூகம், விவாதம் முதலான பெரும் பிரிவுகளின் கீழ் வந்தன. சமூகப் பிரிவில் பண்பாட்டுக் குழுக்கள் பல இருந்தன. அவற்றுள் தமிழுக்கும் ஒரு குழு உண்டு.

யூஸ்நெட் மடலின் தலைப்பகுதி ஆய்வாளர்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது. 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1036 என்ற தரஆவணத்தின்படி ஒவ்வொரு மடலிலும் அனுப்புநர் முகவரி, நாள், பொருள், சேரும் குழுக்கள், உலகில் வேறெந்த மடலுக்கும் இல்லாத அடையாள எண் ஆகியவை இருக்கும். மறுமொழியாக இருந்தால் மேற்கோள் வரியில் முந்தைய மடல்களின் அடையாள எண்கள் வரிசையாக வரும். வழக்கமாக அவ்வரிசையின் கடைசி எண்ணே நேரடித் தாய்மடலுக்குரியது. ஆகவே மடலின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே, யார் யாருக்கு விடையளித்தார் என்ற முழுப் பின்னலையும் கணினி கட்டியெழுப்ப முடியும்.

ஸ்டீவ் விட்டேக்கர், லோரன் டெர்வீன், வில் ஹில், லின் செர்னி ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, 500 குழுக்களில் ஆறு மாதங்களில் 6,59,450 பேர் எழுதிய 21.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களை அலசியது. சராசரி பார்த்தால் ஒருவருக்கு மூன்று மடலுக்குச் சற்றே அதிகம். ஆனால் மடல்களின் பெரும்பங்கைச் சிறுபான்மையினரே எழுதியிருந்தனர். சராசரி இங்கு எவரையும் குறிப்பதில்லை என்பது அதனால் தெளிவாயிற்று. ஒரே மடலைப் பல குழுக்களுக்கும் அனுப்பும் வழக்கம் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்ததும் அதில் தெரியவந்தது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த சமூகவியலாளர் மார்க் ஸ்மித், நெட்ஸ்கேன் என்ற கருவியை உருவாக்கினார். பின்னர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் அது விரிவடைந்தது. குழுவாரியாக மடல் எண்ணிக்கை, எழுதுபவர் எண்ணிக்கை, விடை கிடைக்காத மடல்களின் அளவு, ஒரே மடலைப் பகிரும் குழுக்கள் ஆகியவற்றை நெட்ஸ்கேன் தொடர்ந்து கணக்கிட்டது. ஸ்மித்தும் பீட்டர் கொல்லக்கும் 1999இல் தொகுத்த நூலில் யூஸ்நெட்டின் சமூக அமைப்பு பற்றிய ஸ்மித்தின் கட்டுரை உள்ளது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் வாரன் சாக் உருவாக்கிய உரையாடல் வரைபடம் என்ற கருவி 2000இல் அறிமுகமானது. யார் யாருடன் பேசினார்கள் என்பதோடு எதைப் பற்றிப் பேசினார்கள், எந்தச் சொற்கள் ஒத்த பொருளில் புழங்கின என்பவற்றையும் அது ஒரே திரையில் காட்டியது.

## எதைக் கோடாக வரைவது

ஒரே உரையாடலிலிருந்து பல வரைபடங்கள் பிறக்கலாம். க, ச, த, ப, ம என ஐவர் கொண்ட குழுவை எடுத்துக்கொள்வோம். க ஒரு கேள்வி கேட்கிறார். சவும் தவும் விடை எழுதுகிறார்கள். சவுக்கு க நன்றி சொல்கிறார். தவின் விடையை மறுத்து ப எழுதுகிறார். ம எல்லாவற்றையும் படிக்கிறார், எழுதவில்லை.

நேரடி மறுமொழியை மட்டும் அம்புக்குறியாக வரைந்தால் நான்கு அம்புகள் கிடைக்கும்: ச–க, த–க, க–ச, ப–த. எழுதிய நால்வருக்கிடையே சாத்தியமான அம்புகள் 12. ஆகவே வலைப்பின்னலின் அடர்த்தி 4/12, அதாவது சுமார் 0.33. மவையும் உறுப்பினராகக் கொண்டால் சாத்தியமானவை 20 ஆகும், அடர்த்தி 0.20க்கு இறங்கும். ஒரே இழையில், அதாவது ஒரு மடலிலிருந்து கிளைத்த மறுமொழித் தொடரில், எழுதிய அனைவரையும் உறவுடையோர் என்று கொண்டால், நால்வருக்கிடையே சாத்தியமான ஆறு கோடுகளும் நிரம்பி அடர்த்தி 1 ஆகிவிடும். உரையாடல் ஒன்றுதான். ஆனால் முதல் வரைபடம் தளர்ந்த குழுவையும் கடைசி வரைபடம் ஒருவரையொருவர் நன்கறிந்த குழுவையும் காட்டும்.

எனவே ஆய்வறிக்கை எதுவானாலும் கோட்டின் வரையறையை முதலில் சொல்லியாக வேண்டும். வழக்கிலுள்ள வரையறைகள்: நேரடி மறுமொழி, பிறர் வரியை எடுத்தாளுதல், பெயர் சொல்லி விளித்தல், ஒரே இழையில் பங்கேற்பு, ஒரே குழுக்களில் உறுப்பினராதல். கோட்டுக்குத் திசை உண்டா, மறுமொழிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை உண்டா, எத்தனை மாதத்து மடல்களைச் சேர்ப்பது என்பவையும் முன்னரே முடிவாக வேண்டியவை. ஓராண்டு மடல்களை ஒரே படத்தில் குவித்தால், ஒருவர் விலகிய பின் வந்துசேர்ந்தவரும் அவரும் ஒரே கூட்டத்தில் இருப்பதாகத் தோன்றும்.

கோட்டின் பொருள் எவ்வளவு தலைகீழாகலாம் என்பதை ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தின் ரகேஷ் அகர்வால் முதலியோர் 2003இல் காட்டினர். கருக்கலைப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாடு, குடியேற்றம் போன்ற சூடான பொருள்களை விவாதித்த யூஸ்நெட் குழுக்களில், மக்கள் பெரும்பாலும் உடன்படாதவர்களுக்கே மறுமொழி எழுதுகிறார்கள் என்று கண்டனர். அங்கே கோடு எதிர்ப்பைக் குறிக்கிறது. ஆதலால் கோடுகள் முடிந்தவரை பிரிவுகளுக்கிடையே ஓடும்படி ஆட்களை இரண்டாகப் பிரித்தால் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் தனித்தனியே வந்துவிடுவர். மடலின் சொற்களைக் கொண்டு வகைப்படுத்தும் முறைகளைவிட இந்த வழி நன்றாகவே வேலை செய்தது. ஒரு சண்டையில் இரு தரப்பினரும் அதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதே அதற்குக் காரணம்.

## தரவைச் செப்பனிடுதல்

மூல மடல்களை அப்படியே வரைய முடியாது. ஒரே ஆள் அலுவலக முகவரியிலும் வீட்டு முகவரியிலும் எழுதினால் இரண்டு புள்ளிகளாகிவிடுவார். ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்வோர் ஒரே புள்ளியாகத் தெரிவர். புதிய பொருளைத் தொடங்க நினைப்பவர் பழைய மடலொன்றுக்கு மறுமொழிப் பொத்தானை அழுத்தித் தலைப்பை மட்டும் மாற்றினால், இல்லாத உறவுக்கு ஒரு கோடு விழும். தாய்மடலின் குறிப்பைச் சில மென்பொருள்கள் வெட்டிவிடுவதால் உண்மையான மறுமொழி அநாதையாக நிற்கும். எரிதங்களும் தானியங்கிக் கணக்குகளும் பெரும் எண்ணிக்கையில் பொய்ப் புள்ளிகளைச் சேர்க்கும். இவற்றைக் களைவதற்கே ஆய்வு நேரத்தில் கணிசமான பகுதி செலவாகிறது.

## அளவைகள்

ஒருவருக்கு வந்த மறுமொழிகளை அனுப்பியவர்களின் எண்ணிக்கை உட்படி, அவர் மறுமொழி எழுதியவர்களின் எண்ணிக்கை வெளிப்படி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் கவின் உட்படி 2, பவின் உட்படி 0. உட்படி அதிகமானவர் கவனத்தை ஈர்ப்பவர். அது மதிப்பாலும் வரலாம், சீண்டலாலும் வரலாம்.

இருவருக்கிடையிலான குறுகிய பாதைகளில் ஒருவர் எத்தனை முறை குறுக்கே நிற்கிறார் என்பது இடைமைத்தன்மை. இதை லின்டன் ஃப்ரீமன் 1977இல் வரையறுத்தார். எடுத்துக்காட்டில் தவை நீக்கினால் ப முற்றிலும் துண்டிக்கப்படுகிறார். மடல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்தாலும் இரண்டு கூட்டங்களை இணைப்பவருக்கு இந்த மதிப்பு உயரும். கூகுளின் நிறுவனர்கள் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணிப்பு, முக்கியமானவர்களிடமிருந்து வரும் இணைப்புக்குக் கூடுதல் மதிப்பளிக்கிறது. குழுக்களில் வல்லுநர்களைக் கண்டறியவும் அது கையாளப்பட்டது.

ஜுன் ஜாங், மார்க் ஆக்கர்மன், லாடா ஆடமிக் ஆகியோர் 2007இல் ஜாவா நிரலாக்கக் கேள்வி–பதில் மன்றம் ஒன்றில் இத்தகைய கணிப்புகளை ஒப்பிட்டனர். ஒருவர் அளித்த விடைகளிலிருந்து கேட்ட கேள்விகளைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுப்பது அவர்கள் சோதித்த எளிய அளவை. 30 விடையளித்து 6 கேள்வி கேட்டவருக்கு 24ஐ 6ஆல் வகுத்து 4 கிடைக்கும். சிக்கலான வலைப்பின்னல் கணிப்புகளுக்கு இந்த எளிய வாய்பாடு சளைக்கவில்லை. ஒரு குழுவின் அமைப்பைப் பொறுத்தே எந்த அளவை பொருந்தும் என்பது மாறுகிறது என்பதே அவர்கள் எட்டிய முடிவு.

## பாத்திரங்கள்

ஒவ்வொருவரையும் சுற்றியுள்ள சிறு வலைப்பின்னலின் வடிவத்தைக் கொண்டே குழுவில் அவர் வகிக்கும் பாத்திரத்தை ஊகிக்கலாம் என்பது யூஸ்நெட் ஆய்வுகளின் முக்கியக் கண்டுபிடிப்பு. ஹோவர்ட் வெல்சர், எரிக் கிளீவ், டேன்யல் ஃபிஷர், மார்க் ஸ்மித் ஆகியோர் 2007இல் விடையாளர் என்ற பாத்திரத்தின் அடையாளங்களை விவரித்தனர். விடையாளர் பலருக்கு எழுதுவார், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குழுவில் வேறு எவருடனும் தொடர்பில்லாத புதியவர்கள். ஒரே ஆளோடு நீண்ட பேச்சு அரிது. அவருடைய அண்டைப் புள்ளிகள் தமக்குள் இணைந்து முக்கோணமாவதும் அரிது. படத்தில் அவர் நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் அம்புக்கற்றையாகத் தெரிவார். விவாதிப்பவரைச் சுற்றியோ, ஒருவருக்கொருவர் பலமுறை எழுதிக்கொண்ட தடித்த கோடுகளும் முக்கோணங்களும் செறிந்திருக்கும்.

ஃபெர்னாண்டா வியேகாஸும் ஸ்மித்தும் 2004இல் அறிமுகப்படுத்திய காட்சிமுறை ஒன்று இதையே காலவரிசையில் காட்டியது. கிடைக்கோட்டுக்கு மேலே ஒருவர் தொடங்கிய இழைகளும், கீழே பிறர் தொடங்கியவற்றில் அவர் எழுதியவையும் வாரவாரியாக வட்டங்களாக அடுக்கப்படும். இழையொன்றில் எழுதிய மடல்கள் எத்தனையோ அதற்கேற்ப வட்டம் பெரிதாகும். விடையாளருக்குக் கோட்டின் கீழே சிறு வட்டங்கள் ஆண்டு முழுவதும் நிரம்பும். விவாதிப்பவருக்கு எண்ணிக்கையில் குறைந்த பெரிய வட்டங்கள் வரும்.

ஃபிஷர், ஸ்மித், வெல்சர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை, குழுவில் யார் எத்தகையோருடன் பேசுகிறார்கள் என்ற பரவலைக் கொண்டே குழுவின் தன்மையைப் பிரித்தறிந்தது. தொழில்நுட்ப உதவிக் குழு, அரட்டைக் குழு, சச்சரவுக் குழு ஆகியவை தனித்தனி வடிவங்கள் கொண்டிருந்தன.

## உட்குழுக்களைப் பிரித்தல்

பெரிய வலைப்பின்னலுக்குள் தமக்குள் அடர்ந்தும் பிறரோடு தளர்ந்தும் இணைந்த கூட்டங்களைக் கண்டறிய 2000க்குப் பின் பல கணிப்புகள் வந்தன. மிஷெல் கிர்வனும் மார்க் நியூமனும் 2002இல், கூட்டங்களுக்கிடையே பாலமாகும் கோடுகளை ஒவ்வொன்றாக அகற்றும் முறையை முன்வைத்தனர். ஸக்கரியின் கராத்தே மன்றம் அதற்கான சோதனைத் தரவுகளுள் ஒன்று. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் வெளிவந்த லூவேன் முறை, இலட்சக்கணக்கான புள்ளிகளையும் சில நிமிடங்களில் பிரிக்கும் அளவு விரைவானது. அதில் உள்ளுக்குள் இணைப்பற்ற கூட்டங்கள் உருவாகும் குறையை 2019இல் வந்த லைடன் முறை சரிசெய்தது.

இக்கணிப்புகள் பலவும், தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவைவிடக் கூட்டத்துக்குள் எவ்வளவு அதிகக் கோடுகள் உள்ளன என்பதைப் பெரிதாக்க முயல்கின்றன. பெரிய வலைப்பின்னலில் மிகச் சிறிய கூட்டங்கள் இதனால் விழுங்கப்பட்டுவிடும் என்று சாந்தோ ஃபோர்த்துனாத்தோவும் மார்க் பார்த்தலெமியும் 2007இல் நிறுவினர். மேலும், கோடு எதிர்ப்பைக் குறிக்கும் குழுவில் இக்கணிப்புகளை ஓட்டினால், ஓயாமல் சண்டையிடும் இருவர் ஒரே கூட்டத்தினராக வந்து நிற்பர்.

## வரைதலும் மென்பொருளும்

புள்ளிகளைத் தாளில் எங்கே வைப்பது என்பதற்குத் தரவில் விடை இல்லை. பெரும்பாலான மென்பொருள்கள் விசைவழி அமைப்பைப் பயன்படுத்துகின்றன. புள்ளிகள் ஒன்றையொன்று விலக்கும், கோடுகள் சுருள்வில் போல இழுக்கும், இரண்டும் சமநிலை எய்தும் இடத்தில் படம் நிற்கும். தொமிஹிசா கமாதா, சதோரு கவாய் ஆகியோரின் 1989 முறையும், தாமஸ் ஃப்ரூக்டர்மன், எட்வர்ட் ரைங்கோல்டு ஆகியோரின் 1991 முறையும் இவ்வகையில் புகழ்பெற்றவை. தொடக்க இடம் மாறினால் அதே தரவுக்கு வேறு தோற்றம் கிடைக்கும். படத்தின் நடுவில் இருப்பவர் குழுவின் மையமானவர் என்று கண்ணால் முடிவு செய்யக் கூடாது. அதை அளவைகளே சொல்ல வேண்டும்.

ஸ்லோவேனியாவின் விளாதிமிர் பதகெலியும் அந்திரேய் ம்ர்வாரும் 1996இல் தொடங்கிய பாயெக், ஸ்டீஃபன் போர்காட்டி முதலியோர் வளர்த்த யூசிநெட், மைக்ரோசாஃப்ட் எக்செல் விரிதாளுக்குள் இயங்கும் நோட்எக்ஸ்எல், 2009இல் அறிமுகமான கெஃபி ஆகியவை பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள். நிரலாளர்கள் பைத்தான் மொழியின் நெட்வொர்க்எக்ஸ் நிரலகத்தையும், ஆர் மொழியிலும் கிடைக்கும் ஐகிராஃப் நிரலகத்தையும் நாடுகின்றனர்.

## கூட்ட வடிவங்கள்

மார்க் ஸ்மித், லீ ரெய்னி, பென் ஷ்னைடர்மன், இத்தாய் ஹிமெல்போய்ம் ஆகியோர் பியூ ஆய்வு மையத்துக்காக 2014இல் வெளியிட்ட அறிக்கை, ட்விட்டர் உரையாடல்களை ஆறு வடிவங்களாகப் பகுத்தது. அரசியல் சர்ச்சைகளில் ஒன்றோடொன்று பேசாத இரண்டு பெருங்கூட்டங்கள் தெரியும். தொழில்முறை மாநாடுகளிலும் பொழுதுபோக்கு ஆர்வலரிடையேயும் அனைவரும் பின்னிப் பிணைந்த ஒரே கூட்டம் இருக்கும். புகழ்பெற்ற வணிகப் பெயர்களைப் பற்றிப் பலர் எழுதினாலும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, அங்கே தனிப்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். உலகச் செய்திகளில் நடுத்தரக் கூட்டங்கள் பல உருவாகும். செய்தி நிறுவனத்தைச் சுற்றி உள்நோக்கிய அம்புகளும், வாடிக்கையாளர் சேவைக் கணக்கைச் சுற்றி வெளிநோக்கிய அம்புகளும் விரியும். இந்தக் கடைசி வடிவம் யூஸ்நெட் விடையாளரின் வடிவமேதான். தனிமனிதர் செய்துவந்ததை இங்கு ஒரு நிறுவனம் செய்கிறது.

லாடா ஆடமிக்கும் நடாலி கிளான்சும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 2004 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் காலத்து அரசியல் வலைப்பூக்களை வரைந்தது. இரு தரப்பிலிருந்தும் புறப்பட்ட இணைப்புகளில் 91 விழுக்காடு தத்தம் தரப்புக்குள்ளேயே நின்றது. யூஸ்நெட் விவாதக் குழுக்களில் எதிரிக்கே மறுமொழி எழுதியவர்கள் மிகுதி என்ற ஐபிஎம் முடிவோடு இது முரண்படுவதில்லை. வலைப்பூ இணைப்பு வாசகரைப் பிறரிடம் அனுப்பிவைக்கும் பரிந்துரை, விவாதக் குழு மறுமொழி வாதத்துக்கான பதில். கோட்டின் வகை மாறியதால் படமும் மாறியது.

## வரைபடத்தில் வராதவர்கள்

படித்துவிட்டு எழுதாமல் போகும் மௌன வாசகர்கள் மறுமொழிப் பின்னலில் தோன்றவே மாட்டார்கள். பிளேர் நானெக்கும் ஜென்னி பிரீஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, மடலாடற்குழுக்களில் 12 வாரம் ஒரு மடலும் எழுதாதவர்களைக் கணக்கிட்டது. உடல்நல ஆதரவுக் குழுக்களில் அவர்கள் சராசரியாக 46 விழுக்காடு, மென்பொருள் உதவிக் குழுக்களில் 82 விழுக்காடு. குழுவுக்குக் குழு இது 0 முதல் 99 விழுக்காடு வரை வேறுபட்டது. நோயாளிகள் குழுவில் எவரோ ஒருவர் எழுதிய அனுபவத்தைப் படித்து ஆறுதல் அடைந்தவருக்கும் எழுதியவருக்கும் இடையே வரைபடத்தில் கோடு இல்லை.

தனிமடலில் தொடரும் பேச்சு, நேரில் சந்திக்கும் நட்பு, பதில் சொல்லாமல் காட்டும் புறக்கணிப்பு ஆகியவையும் பதிவாவதில்லை. இதனால் மறுமொழிப் பின்னலோடு வினாத்தாள், நேர்காணல், மடல்களின் உள்ளடக்கத்தைப் படித்தல் ஆகியவற்றையும் சேர்த்து நடத்தும் ஆய்வுகளுக்கு வலு அதிகம்.

## தனியுரிமையும் ஆய்வு அறமும்

பொதுவெளியில் எழுதியவர் ஆய்வுக்கு இசைந்தவர் ஆகிவிடுவாரா என்பது தீராத விவாதம். யூஸ்நெட்டில் எழுதிய பலர் தம் மடல்கள் சில வாரங்களில் அழிந்துவிடும் என்றே கருதினர். 1995இல் தொடங்கிய டேஜா நியூஸ் அவற்றைச் சேமித்துத் தேட வழிசெய்தது. 2001இல் கூகுள் அந்நிறுவனத்தின் சேமிப்பை வாங்கி, அதே ஆண்டின் இறுதிக்குள் 1981 வரையிலான பழைய மடல்களையும் சேர்த்தது. இருபது ஆண்டுப் பேச்சு ஒரே தேடலில் எட்டும் பொருளாயிற்று.

பெயர்களை நீக்கி வரைபடத்தை மட்டும் வெளியிடுவது போதிய காப்பாகாது. அரவிந்த் நாராயணனும் விட்டலி ஷ்மாட்டிகோவும் 2009இல், ட்விட்டரிலும் ஃபிளிக்கரிலும் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் பெயர் நீக்கிய ட்விட்டர் வலைப்பின்னலிலிருந்து 12 விழுக்காடு பிழையோடு அடையாளம் கண்டனர். உறவுகளின் வடிவமே கைரேகையாகிவிடுகிறது. எனவே ஆய்வாளர்கள் தனிநபர் படங்களைத் தவிர்த்துத் தொகுப்பு அளவைகளை மட்டும் வெளியிடுவதும், மேற்கோள்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாதவாறு மாற்றி எழுதுவதும், குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெறுவதும் வழக்கத்துக்கு வந்துள்ளன. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும், இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய தரவைக் கையாள்வோர் கவனிக்க வேண்டியவை.

## இன்றைய நிலை

2023இல் ட்விட்டர் தன் இலவசத் தரவு வாயிலை மூடியது. அதே ஆண்டு ரெடிட் தன் தரவு வாயிலுக்குப் பெரும் பயனர்களிடம் கட்டணம் விதித்தது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் புதிய யூஸ்நெட் மடல்களைப் பெறுவதை நிறுத்தி, பழைய சேமிப்பை மட்டும் வைத்துக்கொண்டது. ஃபேஸ்புக் பக்கங்களையும் குழுக்களையும் ஆய்வாளர்கள் கண்காணிக்க உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி வாட்ஸ்அப் போன்ற மூடிய குழுக்களுக்கு நகர்ந்துவிட்டது. அங்கே மடல்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, வெளியாருக்குத் தலைப்பகுதியும் கிடைப்பதில்லை.

இதனால் ஆய்வுமுறை ஒருவகையில் 1978க்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. தாமாக முன்வந்து தம் உரையாடல் பதிவை ஒப்படைக்கும் பங்கேற்பாளர்கள், அவர்களிடம் கேட்கப்படும் வினாக்கள், சிறிய குழுக்கள் என்ற வழி மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது. தரவு குறைகிறது. ஆனால் ஒரு மறுமொழி நட்பா, நன்றியா, சண்டையா என்பதை எழுதியவரிடமே கேட்டறியும் வாய்ப்பு அதில் உண்டு.